மீட்புக் கயிறு: வாசகர் கேள்வி, நிபுணர் பதில்

கேள்வி: எங்கள் தீயணைப்பு நிலையத்தில் உள்ள மீட்புக் கயிறு ஒன்று பார்வைக்குப் புதிதுபோலவே இருக்கிறது. ஆனாலும் அதை ஒதுக்கிவிட வேண்டும் என்கிறார் மூத்த வீரர் ஒருவர். வெளியே பழுதே தெரியாத கயிற்றை ஏன் ஒதுக்க வேண்டும்?

பதில்: மூத்தவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இன்றைய மீட்புக் கயிறுகளில் பெரும்பாலானவை, நடுவில் நீளவாக்கில் ஓடும் உள்ளிழைகளும் அவற்றைச் சுற்றிப் பின்னிய மேலுறையும் கொண்டவை. எடையின் பெரும்பகுதியைத் தாங்குவது நம் கண்ணுக்குப் படாத உள்ளிழையே என்பதால், மேலுறை பளிச்சென்று இருப்பதைப் பார்த்து மட்டும் கயிற்றுக்கு நற்சான்று தந்துவிட முடியாது.

கண்ணை விட விரல்களே இங்கு நம்பகமானவை. கையுறையைக் கழற்றிவிட்டு, முழு நீளத்தையும் சாண் சாணாக விரல்களுக்கிடையே அழுத்தி இழுத்துப் பாருங்கள். ஓரிடத்தில் கொழகொழவென்று நெகிழ்ந்தாலோ, தட்டையாகவோ மெலிந்தோ இருந்தாலோ, உள்ளே இழைகள் அறுந்திருக்க வாய்ப்புண்டு. சிறு சிறு பகுதியாக வளைத்தும் பார்க்கலாம். நல்ல கயிறு சீரான வளையமாக வரும், பழுதடைந்த இடமோ சட்டென்று மடியும். மேலுறையில் கண்ணாடிபோல் வழவழப்பும் விறைப்பும் தெரிந்தால், அது உராய்வின் சூட்டில் இழை உருகியதற்கான அடையாளம். நைலான் அதன் வகையைப் பொறுத்து ஏறத்தாழ 220 முதல் 260 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். அசையாமல் நிற்கும் கயிற்றின் ஒரே புள்ளியில் இன்னொரு கயிறு வேகமாக ஓடினால், அந்த உராய்வுச் சூடே நின்ற கயிற்றை அறுத்துவிடும்.

விரலுக்கும் சிக்காத ஆபத்து வேதிப்பொருள். நைலானுக்கு அமிலமும் பாலியஸ்டருக்குக் கடுங்காரமும் பகை. வாகனத்தில் பேட்டரிக்கு அருகே வைத்த கயிறு, வெளியே ஒரு கறைகூடக் காட்டாமல் வலுவிழந்திருக்கலாம். இதனால்தான் ஒவ்வொரு கயிற்றுக்கும் தனிப் பதிவேடு வேண்டும் என்கிறோம்: தயாரிப்புத் தேதி, பயன்படுத்திய நாள்கள், பெரிய அதிர்ச்சி எடை விழுந்ததா, எங்கே வைக்கப்பட்டிருந்தது ஆகிய விவரங்கள் அதில் இருக்க வேண்டும். ஒரு முறைகூடப் பயன்படுத்தாத கயிற்றுக்கும் தயாரிப்பாளர்கள் ஆயுள் வரம்பு விதிக்கிறார்கள். பலரும் 10 ஆண்டுகள் என்கிறார்கள். பதிவேடு இல்லாத கயிற்றில், எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும், நான் ஆளைத் தொங்கவிட மாட்டேன்.

கேள்வி: கயிற்றைத் துவைக்கலாமா?

பதில்: துவைக்கத்தான் வேண்டும். மேலுறைக்குள் புகும் மணல், எடை ஏறும்போதெல்லாம் இழைகளை உள்ளிருந்தே அரம்போல் அறுக்கிறது. கயிற்றை மிதிக்காதீர்கள் என்று பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்வதும் இதற்காகவே. குளிர்ந்த நீரும் மென்மையான சோப்பும் போதும். பிளீச்சிங் பவுடர் கூடவே கூடாது. நன்றாக அலசி, காற்றோட்டமான நிழலில் தளர்வாக உலர்த்துங்கள்; புற ஊதாக் கதிர்கள் இழையை நலிவடையச் செய்யும் என்பதால் வெயிலில் போட வேண்டாம். நைலான் நனைந்திருக்கும்போது சற்று வலு குறையும், காய்ந்ததும் மீளும். முழுதும் காய்ந்த பிறகே பையில் இடுங்கள்.

கேள்வி: ஒதுக்கிய கயிற்றை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளலாமா?

பதில்: முடிச்சுப் பழகுவதற்கு மட்டும், அதுவும் ஆள் இறங்க முடியாத அளவுக்குச் சிறு துண்டுகளாக வெட்டிய பிறகு வைத்துக்கொள்ளலாம். முழு நீளத்தில் விட்டுவைத்தால், அவசரத்தில் யாராவது ஒருவர் அதையே எடுத்துக்கொண்டு ஓடுவார்.