மஞ்சள் துணியில் முடிந்த காசு

கேள்வி: கிரகாம் கிரீனின் ‘தி எண்ட் ஆஃப் தி அஃபேர்’ நாவலைப் படித்தேன். குண்டு விழுந்தபோது சாரா கடவுளிடம் வேண்டிக்கொள்ளாமல் இருந்திருந்தால் அந்தக் காதல் பிழைத்திருக்கும். போர்க்காலக் காதல் கதைக்குள் மதத்தை நுழைத்தது கத்தோலிக்கப் பிரச்சாரம்தானே?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: பிரச்சாரம் செய்ய வந்தவர், கதை சொல்லும் பொறுப்பைக் கடவுளை வெறுக்கும் ஒருவனிடம் ஒப்படைத்திருக்க மாட்டார். கிரீன் 1926இல் கத்தோலிக்கரானவர் என்பது உண்மை; ஆனால் 1951இல் வெளிவந்த இந்த நாவலை, சாராவின் நாட்குறிப்பு நீங்கலாக, நமக்குச் சொல்பவன் அவளுடைய காதலன் பெண்ட்ரிக்ஸ்.

1944இல் லண்டனில் விழுந்த ஜெர்மானியப் பறக்கும் குண்டு ஒன்று வீட்டுக் கதவைப் பெயர்த்து அவன்மேல் சாய்த்துவிடுகிறது. வெளியே தெரிந்த கையைத் தொட்டுப் பார்த்து, அவன் இறந்துவிட்டான் என்றே முடிவுசெய்த சாரா, மாடியறைக்குப் போய், தான் அதுவரை நம்பியிராத கடவுளிடம் மண்டியிட்டு, இவன் பிழைத்தால் இவனை விட்டுவிடுகிறேன் என்கிறாள். அவன் எழுந்து நடந்து வருகிறான். இதில் பாதிரியார் எங்கே இருக்கிறார்?

கொழிஞ்சாம்பாறைக்காரருக்கு இது பிடிபடாமல் போனதுதான் எனக்கு வியப்பு. 1999இல் கார்கில் போர் நடந்தபோது, உங்கள் ஊருக்குப் பக்கத்துச் சித்தூரில் எங்கள் அடுத்த வீட்டு அக்கா, பட்டாளத்தில் இருந்த கணவருக்காக மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை முடிந்து முருகன் படத்துக்குப் பின்னால் வைத்தார். அவர் ஊர் திரும்பிய பிறகு பழனி உண்டியலில்தான் அந்த முடிச்சு போய்ச் சேர்ந்தது. நம் நேர்த்திக்கடனில் கொடுப்பது முடியோ காசோ சேவலோ. கேட்டது நம்மிடமே இருக்கும். சாராவோ, கேட்டதையே காணிக்கையாக்கிவிட்டாள். அதிலிருந்து தப்பிக்க, கடவுள் இல்லை என்று மேடை போட்டுப் பேசும் ஸ்மைத் என்பவரைத் தேடிப்போய் வாதம் கேட்கிறாள். பாவம், அவர் பேசப் பேச அவளுக்கு நம்பிக்கைதான் வளர்கிறது. அந்தக் கடனை எடுத்துவிட்டால் மிஞ்சுவது, அரசு அதிகாரி ஒருவரின் மனைவிக்கும் எழுத்தாளன் ஒருவனுக்கும் இருந்த உறவு மட்டுமே. அதுவும் பெண்ட்ரிக்ஸின் பொறாமையால் குண்டு விழுவதற்கு முன்பே ஆட்டம் கண்டிருந்தது.

உங்கள் புகாரில் நியாயம் இருக்கும் இடம் வேறு. சாரா இறந்தபின் ஒரு சிறுவனின் வயிற்றுவலி தீர்வதும், ஸ்மைத்தின் முகத்திலிருந்த மச்சம் மறைவதும், இரண்டு வயதிலேயே தாய் அவளுக்கு ரகசியமாக ஞானஸ்நானம் கொடுத்திருந்தது தெரியவருவதும், கிரீன் வலிந்து சேர்த்த சாட்சிகளாகவே எனக்குப் படுகின்றன. நாட்குறிப்புப் பகுதியை மட்டும் தனியே எடுத்து இன்னொரு முறை படியுங்கள். அதில் பெரும்பகுதி, அவள் கடவுளோடு போடும் சண்டை.