வண்டி வாகனம் – வாசகர் கேள்வி பதில்: உதைக்க அவசரப்படாதீர்கள்

கேள்வி: காலஞ்சென்ற என் தந்தையார் 1987-இல் வாங்கிய புல்லட் 350, எங்கள் வீட்டு மாட்டுக் கொட்டகையில் 14 ஆண்டுகளாக நிற்கிறது. எனக்கு வயது 53. கல்லூரி நாட்களில் அதை ஓட்டியிருக்கிறேன். வேலைக்குப் போன பிறகு இடது கால் கியர் உள்ள வண்டி, கடந்த 12 ஆண்டுகளாகக் கார் மட்டுமே. முடிந்தவரை வீட்டிலேயே சரிசெய்து மீண்டும் ஓட்ட விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: கொட்டகையிலிருந்து வெளியே தள்ளி வந்ததும் உங்கள் கால் தானாகக் கிக்கரைத் தேடும். அந்த ஆசையை ஒரு வாரத்துக்கு அடக்கி வையுங்கள். நெடுநாள் நின்ற வண்டியில் பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் சுவரோடு துருவால் ஒட்டியிருக்கலாம்; பலங்கொண்ட மட்டும் உதைத்தால் வளையம் முறியும், சுவரில் கீறல் விழும். பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியே இரண்டு மூன்று தேக்கரண்டி என்ஜின் எண்ணெய் விட்டு இரண்டு நாள் ஊற விடுங்கள். பிறகு நடு ஸ்டாண்டில் நிறுத்தி, நான்காவது கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் மெல்ல முன்னும் பின்னும் அசைத்தால் பிஸ்டன் நகர்கிறதா என்பது தெரிந்துவிடும். நகரவில்லை என்றால் சிலிண்டரைக் கழற்ற வேண்டும். அந்த ஒரு வேலைக்கு மெக்கானிக்கை அழைப்பதில் குறைவொன்றுமில்லை.

பழைய எண்ணெயை வடிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் வண்டியில் எண்ணெய் தங்கும் அறை தனி, பிஸ்டனோடு இணைந்த கிராங்க் தண்டு சுழலும் அறை தனி. வண்டி நின்றபடியே இருந்தால் எண்ணெய் பம்ப் வழியாகச் சிறிது சிறிதாகக் கசிந்து கிராங்க் அறைக்குள் போய்ச் சேர்ந்துவிடும். ஆகவே இரண்டு வடிகால் திருகுகளையும் திறக்க வேண்டும். ஒன்றை மட்டும் திறந்துவிட்டு எண்ணெய் குறைவாக இருக்கிறதே என்று மேலே ஊற்றினால், முதல் உதையிலேயே தெரு முழுவதும் வெள்ளைப் புகைதான். கிளட்ச் பக்கத்து உறையில் இருப்பது வேறு எண்ணெய், அதையும் மாற்றுங்கள். பெட்ரோல் வற்றிப் பிசினாகி, கார்புரேட்டரின் சிறிய ஜெட்டை அடைத்திருக்கும். அதைக் கம்பியால் குத்தினால் துளை பெரிதாகிவிடும் என்பதால், கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்துக் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். பிளக்கில் பொறி எழ மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் பாயிண்டில் படிந்திருக்கும் கருமையை மிக நுண்ணிய எமரித் தாளால் தேய்த்து, அதன் இடைவெளியை ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை வைத்து 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் அமைத்தால் போதும். எலி கடித்த ஒயர், வெடித்த பெட்ரோல் குழாய், எல்லா கேபிள்களும் யோசிக்காமல் புதிதாகப் போட வேண்டியவை.

என்ஜினைப் பற்றி இவ்வளவு சொன்னாலும் என் கவலை அதன் மேல் அன்று. என்ஜின் பழுதானால் வண்டி ஓடாமல் நிற்கும். பிரேக் பழுதானால் நிற்காமல் ஓடும். இரு சக்கரங்களையும் கழற்றிப் பிரேக் ஷூவைப் பாருங்கள். பல ஆண்டு ஈரத்தில் லைனிங் ஷூவை விட்டு உரிந்து வந்திருக்கலாம். பழைய லைனிங்கில் நுரையீரலைக் கெடுக்கும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும் என்பதால் அந்தத் தூசியை வாயால் ஊதவோ காற்றடிக்கவோ கூடாது. ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2309 என்றிருந்தால் 2009-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர் என்று பொருள். பட்டை தேயாமல் புதிது போலத் தெரிந்தாலும், ரப்பர் இறுகிப்போன அந்த டயரை டியூபோடு சேர்த்து மாற்றிவிடுங்கள். வண்ணப்பூச்சு கடைசி வேலை. டேங்கின் தங்க நிறக் கோடுகள் சென்னைத் தொழிற்சாலையில் கையால் வரையப்பட்டவை. அவை ஓரளவு மிஞ்சியிருந்தால் மேலே பெயிண்ட் அடித்து மறைக்காதீர்கள் என்பது என் தனிப்பட்ட வேண்டுகோள்.

இனி உதைக்கலாம். செருப்பைக் கழற்றிவிட்டு ஷூ அணியுங்கள். நான் ஒருமுறை ரப்பர் செருப்போடு உதைத்து, கிக்கர் எதிர்த்து அடித்ததில் பத்து நாள் நொண்டியிருக்கிறேன். சாவியைத் திருப்பி, முகப்பு விளக்கை அணைத்து வைத்துக்கொண்டு, ஆம்பியர் மீட்டரைப் பார்த்தபடி கிக்கரை மெதுவாக அழுத்துங்கள். முள் ஒரு பக்கம் சாய்ந்து நடுவுக்கு வரும் இடத்தில் கால் இறுகும். அங்கே, சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தத்தை வெளியே விடும் டீகம்ப்ரஸர் நெம்புகோலைப் பிடித்து, கிக்கரை இன்னும் சிறிதளவு மட்டும் தள்ளி, நெம்புகோலை விட்டுவிட்டுக் கிக்கரை மேலே வரவிடுங்கள். பிறகு தயங்காமல் அடிவரை ஒரே உதை. அரை மனதோடு உதைப்பவரைத்தான் புல்லட் திருப்பி உதைக்கும்.

ஓட்டுவதில் உங்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. இந்த வண்டியில் கியர் வலது காலில், பின் பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. நடுவில் நீங்கள் ஓட்டிய வண்டியில் எல்லாமே இதற்கு நேர்மாறு. சாதாரணமாகப் போகும்போது மூளை சமாளித்துக்கொள்ளும். திடீரென்று ஓர் ஆடு குறுக்கே வந்தால் கால் பழைய பழக்கத்தில் வலது பக்கம் அழுத்தும், வண்டி நிற்பதற்குப் பதிலாகக் கியர் மாறும். ஆளில்லாத மைதானத்தில் காலை வேளைகளில் மணிக்கு 20, 30 கிலோமீட்டர் வேகத்தில் போய், முன் பிரேக்கையும் இடது காலையும் சேர்த்து அழுத்தி நிறுத்துவதை மட்டும் இரண்டு வாரம் பழகுங்கள். கால் யோசிக்காமல் போகும் வரை கடைத்தெருப் பக்கம் வேண்டாம்.

காகிதங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தந்தையார் பெயரிலிருந்து வாரிசுக்கு மாற்றப் படிவம் 31. 15 ஆண்டு கடந்த வண்டி என்பதால் பதிவைப் புதுப்பிக்கப் படிவம் 25, ஆய்வாளரின் நேரடிப் பரிசோதனை, பசுமை வரி. மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். உங்கள் ஓட்டுநர் உரிமம் காலாவதியாகி ஓராண்டு தாண்டியிருந்தால் மீண்டும் ஓட்டிக் காட்ட வேண்டியிருக்கும். பதிவு சரியாகும்வரை வண்டியைக் குட்டி யானையில் ஏற்றியே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: என் கணவர் பழைய புல்லட்டை நான்கு மாதங்களுக்கு முன் பிரித்துப் போட்டார். தாழ்வாரம் முழுவதும் நட்டும் போல்ட்டும். எது எங்கே இருந்தது என்பது இப்போது அவருக்கே தெரியவில்லை. என்ன செய்வது?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அம்மா, முதலில் அவர் கையிலிருந்து ஸ்பேனரை வாங்கி வையுங்கள், இனி எதையும் பிரிக்கக் கூடாது. கிடப்பவற்றை முன் சக்கரம், பின் சக்கரம், என்ஜின், மின்சாரம் என்று நான்கு டப்பாக்களில் பிரித்துப் போட்டு, சக்கரங்களை மட்டும் முதலில் பூட்டச் சொல்லுங்கள்; வண்டி தள்ளும் நிலைக்கு வந்தால் தாழ்வாரம் உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும். பழைய புல்லட்டில் அங்குல அளவு மரைகளும் உண்டு. கையால் மூன்று சுற்றுப் போகாத நட்டு அந்த இடத்துக்குரியது அன்று என்று அவரிடம் சொல்லுங்கள். ஸ்பேனர் போட்டு இறுக்கினால் மரை போய்விடும். அடுத்த முறை பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு பகுதியையும் கைப்பேசியில் படம் எடுத்து வைக்கட்டும்.