கேடலிஸ்ட் ஆராய்ச்சின்னா தினமும் என்ன வேலை? நடுவட்டத்துல இருந்து ஒரு பதில்

"தங்கச்சி எம்.எஸ்சி. முடிச்சிட்டு ஆர்கானிக் சிந்தெசிஸ்ல பிஎச்.டி சேரப்போறா, கேடலிஸ்ட் ஆராய்ச்சின்னா தினமும் என்னதான் பண்ணுவாங்க, சலிச்சிடாதா?"ன்னு கேட்டிருக்கீங்க. நான் பன்னெண்டு வருஷமா இதே வேலைதான். கேடலிஸ்ட்னா தான் தீராம ஒரு ரசாயன மாற்றத்தை வேகமா நடத்திக் குடுக்கற பொருள். சொந்த ஊர் நடுவட்டம், ஊட்டில இருந்து கூடலூர் போற வழி. லீவுக்கு வந்து அடுப்போரமா உக்காந்துதான் இதை டைப் பண்றேன், வெளிய மிஸ்ட் மூடி எதிர்வீடே தெரியல.

ஊரைச் சொன்னதுக்கு காரணம் இருக்கு. 1860கள்ல நீலகிரில சிங்கோனா மரம் நட்டாங்க, பட்டைல இருந்து கொயினா (மலேரியா மருந்து) எடுக்கற கவர்மெண்ட் ஃபேக்டரி எங்க ஊர்லதான் இருந்துச்சு. எங்க தாத்தா பட்டை உரிச்சவர். சின்னப்பையனா இருக்கப்ப ஒரு துண்டை மென்னுட்டு அன்னைக்கு மத்தியானம் சாப்பிட்ட சோறுகூட கசந்துச்சு. அந்தக் கசப்பு சரக்குதான் இப்ப லேப்ல என் கைல இருக்கு.

எப்படின்னா, நிறைய மாலிக்யூல் இடது செருப்பு வலது செருப்பு மாதிரி ரெண்டு விதமா இருக்கும், உடம்புக்கு ரெண்டும் ஒண்ணு கிடையாது. சாதாரணமா செஞ்சா ரெண்டும் சரிபாதியா வந்து நிக்கும், பிரிக்கறதுக்குள்ள உயிர் போயிடும். நமக்கு வேண்டிய ஒண்ணை மட்டும் செய்ய வைக்கிற கேடலிஸ்ட் தேடறதுதான் எங்க வேலை. ஷார்ப்லெஸ்னு ஒரு கெமிஸ்ட் கண்டுபிடிச்ச முறைல (2001ல நோபல் வாங்கினார், 2022ல வேற வேலைக்கு இன்னொண்ணு) ஆஸ்மியம்ன்ற உலோகம் ரியாக்‌ஷனை நடத்தும், எந்தப் பக்கமா நடத்தணும்னு முடிவு பண்றது சிங்கோனா பட்டைல இருந்து வர்ற ஆல்கலாய்டு, அதாவது செடில இருக்கற கசப்புப் பொருள். கொயினால இருந்து செஞ்சதைப் போட்டா ஒரு செருப்பு, அதே பட்டைல இருக்கற கினிடின்ல இருந்து செஞ்சதைப் போட்டா மறு செருப்பு. இந்த ரெண்டும் அச்சு அசலா கண்ணாடி பிம்பம்கூட கிடையாது, ஓரத்துல எத்தில்னு ஒரு சின்ன கார்பன் துண்டு இடம் மாறி இருக்கும், ஆனா வேலைன்னு வந்தா எதிரெதிர்! முதல்ல இதைப் படிச்சப்ப தாத்தா இல்லையேன்னு இருந்துச்சு.

இனி தினப்படி வேலை. காலைல போனதும் ஃபிளாஸ்க்ல பாதி தண்ணி பாதி டெர்ட் பியூட்டனால் (ஒரு ஆல்கஹால்), அதுல ஏடி மிக்ஸ் பொடி (ஆஸ்மியமும் அந்த ஆல்கலாய்டும் கலந்த ரெடிமேட் பொடி) ஸ்டார்ட்டிங் பொருள் ஒரு மில்லிமோலுக்கு 1.4 கிராம் கணக்குல போட்டு கலக்கணும், அடில மஞ்சளா ஒரு அடுக்கு நிக்கும், ஐஸ்ல வச்சு ஜீரோ டிகிரிக்கு கொண்டுவந்து அப்புறம்தான் ஸ்டில்பீன், அதாவது அந்த ஸ்டார்ட்டிங் பொருள், போடணும். அதுக்கப்புறம் நாள் முழுக்க டிஎல்சிதான், ரியாக்சன் எவ்வளவு தூரம் போயிருக்குன்னு பாக்கற டெஸ்ட். கண்ணாடிக் குழாயை தீயில இழுத்து முடி மாதிரி மெலிசாக்கி அதுல ஒரு துளி எடுத்து பிளேட்ல வச்சு ஓட்டி யூவி லைட்டுக்கு அடில பாக்கறது, மேல ஸ்டில்பீன் புள்ளி மங்க மங்க கீழ டையால் (நமக்கு வேண்டிய பொருள்) புள்ளி கருத்துக்கிட்டே வரும். மீதி வேலைன்னா கழுவறது, காய வைக்கறது, கண்ணாடிக் குழாய்ல ஊத்தி சரக்கைப் பிரிக்கறது (column), நோட்டுல எழுதறது, அவ்வளவுதான்.

என் முதல் வருஷம் ஒரு தடவை மூணு நாளாகியும் மேல் புள்ளி போகவே இல்ல. பொடி பழசு, ஸ்டிரர் சரியில்லன்னு ஒவ்வொண்ணா மாத்திப் பாத்து மூணு ஃபிளாஸ்க் வீணாச்சு. நோட்டைத் திருப்பிப் பாத்தா மீத்தேன்சல்ஃபோனமைடுன்ற வரியே இல்ல, நான் போடவே இல்ல. அது இருந்தாத்தான் ஆஸ்மியம் ஒரு மாலிக்யூலை விட்டுட்டு சீக்கிரம் அடுத்ததுக்குப் போகும். திரும்ப போட்டேன், மறுநாள் காலைல மேல் புள்ளி சுத்தமா இல்ல, வெள்ளையா கிரிஸ்டல் இறங்குச்சு. ஹெச்பிஎல்சில (ரெண்டு செருப்பையும் தனித்தனியா காட்டற மெஷின்) ரெண்டு பீக் வர வேண்டிய இடத்துல ஒண்ணுதான் உசரமா நின்னுச்சு, அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல.

அதனால சலிக்குமான்னா, கழுவற வேலை சலிக்கும், அந்த பிளேட்டை யூவிக்கு அடில வைக்கற நொடி எனக்கு இன்னைக்கு வரைக்கும் சலிக்கல. தங்கச்சிகிட்ட ரெண்டு விஷயம் சொல்லிடுங்க. நடந்ததை நடந்த நேரத்துலயே நோட்டுல எழுதணும், சாயங்காலம் ஞாபகத்துல இருந்து எழுதக் கூடாது. அப்புறம் ஆஸ்மியம் டெட்ராக்சைடு ஆவியாகி கண்ணைக் கெடுக்கும், வாசனை தெரியுதுன்னாலே அளவு மீறிடுச்சுன்னு அர்த்தம், எவ்வளவு அவசரமா இருந்தாலும் ஹூட்டுக்கு (ஆவியை வெளிய இழுக்கற கூண்டு) வெளிய அந்த பாட்டிலைத் திறக்கவே கூடாது.