மகள் பாடப் புத்தகத்தோடு சண்டை போடுகிறாளா? நல்லது

அண்ணாச்சி,

ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு வந்தபோது ஒன்று கேட்டீர்கள். "மூணு வருசம் பி.ஏ. எக்கனாமிக்ஸ் படிச்சுப்போட்டு, இப்ப புத்தகத்துல இருக்கிறதே தப்புங்கா. அதுக்கு எம்.பி.ஏ.வுல சேத்துவிட்டா என்ன?" கவலைப்படாதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன். அது போதாது. அந்த எம்.பி.ஏ.வில் சேர்க்காதீர்கள்.

அவள் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். நிறைவுப் போட்டிச் சந்தை பற்றிய பாடம். அதில் வாங்குபவருக்கும் விற்பவருக்கும் எல்லா விவரமும் தெரியும், தனி ஒருவரால் விலையை அசைக்க முடியாது. ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறாள்: "எங்க ஆச்சி நெல்லு விக்கையில வெலை சொல்றது யாவாரிதான்." இது படிப்பு பிடிக்காத பிள்ளை எழுதுகிற வரி இல்லை.

பொருளாதாரத் துறைக்குள்ளேயே இந்தச் சண்டை பெரிதாக நடக்கிறது. ஒரு அரசின் கடன் அந்த நாட்டின் வருமானத்தில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி படுத்துவிடும் என்று ரைன்ஹார்ட், ரோகாஃப் என்ற இரு பெரிய அறிஞர்கள் 2010-ல் எழுதினார்கள். அதைக் காட்டிப் பல நாடுகளில் அரசுச் செலவை வெட்டச் சொன்னார்கள். தாமஸ் ஹெர்ண்டன் என்ற அமெரிக்க மாணவர் வகுப்புப் பயிற்சிக்காக அதே கணக்கைத் திரும்பப் போட்டார். விடை வரவில்லை. எக்செல் தாளை வாங்கிப் பார்த்தால், சராசரியில் ஐந்து நாடுகள் விட்டுப்போயிருந்தன. வேறு சில ஆண்டுகளின் விவரங்களும் சேர்க்கப்படவில்லை, சராசரி எடுத்த முறையிலும் கோளாறு. எல்லாவற்றையும் சரிசெய்தபோது கடன் மிகுந்த நாடுகளுக்கு மைனஸ் 0.1 என்றிருந்த சராசரி வளர்ச்சி 2.2 சதவீதமானது. அது 2013-ல். உங்கள் மகளிடம் இருப்பதும் அந்தக் குணம்தான். ஆனால் ஹெர்ண்டனுக்குக் கணக்கு தெரிந்திருந்தது. புள்ளியியலை விட்டு ஓடாதே என்று அவளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

சரி, எங்கே சேர்ப்பது? திருவனந்தபுரத்தில் உள்ளூர் என்ற பகுதியில் சி.டி.எஸ். என்கிற வளர்ச்சி ஆய்வு மையம் இருக்கிறது. பொருளாதார அறிஞர் கே.என். ராஜ் 1970-ல் தொடங்கியது. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிய செங்கல் கட்டடங்கள், மரங்களுக்கு நடுவே. முதலில் வருமானம் பெருகட்டும், மற்றது தானாக வரும் என்பது அந்தக் காலத்தில் பலருக்கும் இருந்த நம்பிக்கை. வருமானம் குறைவான கேரளாவில் ஆயுளும் எழுத்தறிவும் நாட்டுச் சராசரியைவிட உயர்ந்திருப்பதை இந்த மையத்தின் ஆய்வு 1975-ல் எடுத்துக்காட்டியது. இங்கே இரண்டு வருட எம்.ஏ. உண்டு. ஏட்டுக் கோட்பாட்டை ஊர் நிலவரத்தோடு உரசிப் பார்ப்பது இந்த மையத்தின் பழக்கம். நெல்லையிலிருந்து காலையில் ரயில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். நம் பக்கமும் இந்த வழக்கம் பழையதுதான். 1916-ல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் சென்னைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு ஆய்வு செய்த கிராமங்களில் உங்கள் ஊர் கங்கைகொண்டானும் ஒன்று.

வேலை? பொருளாதாரத்தில் முதுகலை முடித்தால் யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வை 21 வயதிலிருந்து 30 வயதுக்குள் எழுதலாம். இடங்கள் குறைவு, அதையே நம்பி உட்காரக் கூடாது. ரிசர்வ் வங்கியிலும் பொருளாதார ஆய்வுக்கென்றே அதிகாரி பணி தனியாக உண்டு. ஆய்வு நிறுவனங்கள், தொண்டு அமைப்புகள், செய்தித்தாள்களின் தரவுப் பிரிவு, இங்கெல்லாம் களத்தில் விவரம் திரட்டி எழுதத் தெரிந்தவருக்குத் தேவை இருக்கிறது.

அப்புறம் பணம். மச்சான் சொன்ன எம்.பி.ஏ. கல்லூரிக்கு 12 லட்சம் கடன் என்றீர்கள். 11 சதவீத வட்டி, ஏழு வருடம் என்றால் மாதம் இருபதாயிரத்துக்கு மேல் தவணை. முடியும்போது 17 லட்சம் கட்டியிருப்பீர்கள். அவள் கேட்காத படிப்புக்கு வயல் பத்திரத்தை அடகு வைக்க நான் சம்மதிக்க மாட்டேன். மச்சான் மனசு வருத்தப்பட்டால் என்னிடம் பேசச் சொல்லுங்கள்.

இந்த வருட நுழைவுத் தேர்வு அறிவிப்பைப் பார்த்துக்கொண்டு அடுத்த வாரம் வாருங்கள். அந்த நோட்டையும் கொண்டுவரச் சொல்லுங்கள், மீதிப் பக்கங்களையும் படிக்க வேண்டும்.