யூதர் அல்லாதவங்க பன்றிக்கறி சாப்பிட்டா யூத மதப்படி தப்பா?

இல்லவே இல்லங்க. பன்றிக்கறிய விலக்குற கோஷர் சட்டம், அதாவது யூத மதத்தோட சாப்பாட்டு விதி, யூதர்களுக்கு மட்டும்தான், பைபிள்ல உபாகமம் 14:21 பாருங்க, தானா செத்த மிருகத்த நீ சாப்பிடாத, ஊர்ல தங்கியிருக்கிற அந்நியனுக்குக் குடு, இல்லன்னா வெளியாளுக்கு வித்துடுன்னு தெளிவா இருக்கு.

மத்தவங்களுக்கு, பைபிள்ல பெருவெள்ளத்துல தப்பிச்ச நோவாவோட பேர்ல யூத மதம் சொல்ற 7 கட்டளைதான், அதுல சாப்பாட்டப் பத்தி ஒண்ணே ஒண்ணு, உயிரோட இருக்கிற மிருகத்துல இருந்து சதைய அறுத்துத் திங்கக்கூடாது, எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான், அந்த வாயில்லா ஜீவன் படுற வேதனைய நெனச்சுப் பாருங்க.

கோஷர் கடைப்பிடிக்கிற யூதர் வீட்டுல ரத்தம் போக கறிய அரைமணி நேரம் தண்ணில ஊறவச்சு, அப்புறம் 1 மணி நேரம் உப்புல வைப்பாங்க, பாலையும் கறியையும் சேக்கக்கூடாதுன்னு பால் பாத்திரம் தனி, கறிப் பாத்திரம் தனி, கறி சாப்பிட்டா பலபேர் 6 மணி நேரத்துக்கு பாலைத் தொடவே மாட்டாங்க. ஆனா உயிருக்கே ஆபத்துன்னா அவங்களும் எதையும் சாப்பிடலாம்.