மூன்று கிலோ ஏறிவிட்டது, ஹார்மோன் காப்ஸ்யூலை நிறுத்திவிடலாமா?

கேள்வி: எனக்கு 51 வயது. மாதவிலக்கு நின்று ஒன்றரை வருடமாகிறது. திடீர் திடீரென்று உடம்பு கொதித்து வியர்ப்பதும், இரவில் தூக்கம் வராததும் தாங்க முடியாமல் மகப்பேறு மருத்துவரைப் பார்த்தேன். தினமும் எஸ்ட்ராடியால் 2 மி.கி. மாத்திரையும், இரவில் புரோஜெஸ்டிரோன் 100 மி.கி. காப்ஸ்யூலும் எழுதிக் கொடுத்தார். வியர்வை நன்றாகக் குறைந்துவிட்டது. ஆனால் ஆறே வாரத்தில் எடை 64 கிலோவிலிருந்து 67 ஆகிவிட்டது. மார்பு கனத்து வலிக்கிறது, வயிறு உப்புசமாக இருக்கிறது. தைராய்டுக்குப் பல வருடங்களாக 75 மைக்ரோகிராம் மாத்திரை எடுக்கிறேன். “இரவு காப்ஸ்யூல்தான் குண்டாக்குது, அதை மட்டும் விட்டுடுங்க” என்கிறார் மெடிக்கல் ஷாப்காரர். தெரிந்த ஒரு பெண்மணி, பக்கவிளைவே இல்லாத “இயற்கை ஹார்மோன் பவுடர்” வாங்கித் தருகிறேன் என்கிறார். என்ன செய்வது? (கும்பகோணம் வாசகி)

பதில்: காப்ஸ்யூலை மட்டும் நிறுத்தாதீர்கள். நிறுத்தியே ஆக வேண்டும் என்றால் எஸ்ட்ராடியால், காப்ஸ்யூல் இரண்டையும் சேர்த்து நிறுத்திவிட்டு, மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் நிறுத்துவது இரண்டையும் நிறுத்துவதைவிட ஆபத்து. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த மூன்று கிலோ.

ஒரு கிலோ கொழுப்பு சேர, செலவானது போக ஏறக்குறைய 7,700 கலோரி மிஞ்ச வேண்டும். மூன்று கிலோவுக்கு 23,000. ஆறு வாரத்துக்குப் பகிர்ந்தால் நாளைக்கு 550 கலோரி. வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் தினமும் பத்துப் பதினோரு இட்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படிச் சாப்பிட்டிருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்கும். ஆகவே ஏறியதில் ஒரு பகுதி கொழுப்பு அல்ல, தண்ணீர். உங்கள் எஸ்ட்ராடியால் ஈஸ்ட்ரோஜன் வகை ஹார்மோன். ஈஸ்ட்ரோஜன் உடம்பில் உப்பைப் பிடித்து வைக்கும், உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும். மார்பு கனப்பதும் மோதிரம் இறுகுவதும் இதனால்தான். கணுக்காலுக்கு மேல் எலும்பின் மீது கட்டை விரலால் பத்து விநாடி அழுத்திப் பாருங்கள். குழி விழுந்து மெதுவாக நிரம்பினால் அது நீர்.

இந்த நீர் பெரும்பாலானவர்களுக்கு மூன்று மாதத்துக்குள் தானாக வடிந்துவிடும். அதுவரை உப்பைக் கவனியுங்கள். நாளுக்கு 5 கிராம், அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூன்தான் கணக்கு. சாம்பாரில் குறைத்துவிட்டு, தட்டின் ஓரத்தில் ஊறுகாயும் மோர்மிளகாயும் அப்பளமும் வைத்துக்கொண்டால் பயனில்லை. அப்பளத்தில் உப்பு போதாதென்று அப்பளக்காரமும் சேர்கிறது, அதுவும் சோடியம்தான். கடையில் “நீர் மாத்திரை” கேட்டு வாங்கிப் போடவே போடாதீர்கள். இரண்டு நாளில் இரண்டு கிலோ இறங்கும், மனசும் குளிரும். கூடவே பொட்டாசியமும் இறங்கி கெண்டைக்கால் இழுக்கும், தலை சுற்றும். நிறுத்திய வாரமே எடை பழையபடி திரும்பும்.

எடையை வாரத்துக்கு ஒரு முறை, காலையில் கழிவறை போய்வந்து, காபிக்கு முன் பாருங்கள். அதே மெஷின், பாய் விரிக்காத தரை. வீட்டில் 64, கிளினிக்கில் செருப்போடு 67 என்றால் அது வேறு கதை. மாதவிலக்கு நிற்கும் வயதில் ஹார்மோன் எடுக்காத பெண்களுக்கும் வருடத்துக்குச் சராசரியாக அரை கிலோ ஏறும், அதுவும் இடுப்பிலிருந்து வயிற்றுக்கு இடம் மாறும். ஹார்மோன் மாத்திரையையும் மருந்தில்லாத வெற்று மாத்திரையையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், இரு தரப்புக்கும் எடை ஏறியது ஏறக்குறைய ஒரே அளவுதான். வியர்வை நின்று தூக்கம் வந்த பிறகு பசி கூடிவிட்டதா என்பதையும் நேர்மையாக யோசியுங்கள்.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது ஹார்மோன் அல்ல, தைராய்டு மாத்திரை. இதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். மகப்பேறு மருத்துவர் ஹார்மோனைப் பார்க்கிறார், பொது மருத்துவர் தைராய்டைப் பார்க்கிறார், ஒருவர் எழுதுவது மற்றவர் கண்ணில் படுவதில்லை. வாயால் விழுங்கும் ஈஸ்ட்ரோஜன் குடலிலிருந்து நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே தைராக்சினை (உங்கள் தைராய்டு மாத்திரையில் இருக்கும் ஹார்மோன்) ரத்தத்தில் சுமந்து செல்லும் புரதம் கூடுதலாக உற்பத்தியாகிறது. அந்தப் புரதத்தை டவுன் பஸ் என்று நினைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் தைராக்சினால் உடம்புக்கு வேலை நடக்காது, இறங்கி நடப்பதுதான் வேலை செய்யும். பஸ்கள் கூடிவிட்டால் இறங்கி நடப்பது குறைந்துபோகும். சுரப்பி நன்றாக இருப்பவர்களுக்கு அது கொஞ்சம் அதிகம் சுரந்து சரிக்கட்டிவிடும். மாத்திரையை நம்பியிருக்கும் உங்களுக்கு யார் சரிக்கட்டுவது? நேற்றுவரை போதுமாக இருந்த 75 மைக்ரோகிராம் இன்று போதாமல் போகலாம். எடை ஏறும், உடம்பு உப்பும், மலம் இறுகும், முடி கொட்டும். பழி முழுக்க இரவு காப்ஸ்யூல் மீது விழும்.

ஹார்மோன் தொடங்கி ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் ரத்தத்தில் டி.எஸ்.எச். (தைராக்சின் போதாதபோது கூடுகிற ஹார்மோன்) பார்க்க வேண்டும். உங்களுக்கு இதுதான் அந்த நேரம். கூடியிருந்தால் தைராய்டு மாத்திரையை 12.5 அல்லது 25 மைக்ரோகிராம் உயர்த்துவார்கள். பிற்பாடு எப்போதாவது ஹார்மோனை நிறுத்தினால் இதைத் திரும்பக் குறைக்க வேண்டியிருக்கும், அப்போதும் சோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். இன்னொன்று: தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, குறைந்தது அரை மணி நேரம் கழித்துத்தான் காபி. மாதவிலக்கு நின்றவர்களுக்கு எலும்புக்கென்று கால்சியமும் சேர்த்து எழுதியிருப்பார்கள். காலையில் எல்லா மாத்திரையையும் ஒரே கையில் கொட்டி வாயில் போட்டுக்கொண்டால் கால்சியம் தைராக்சினை உடம்பில் சேரவிடாது. இரண்டுக்கும் நடுவே நாலு மணி நேரம் வேண்டும். கால்சியத்தை மத்தியானச் சாப்பாட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி காப்ஸ்யூல். ஈஸ்ட்ரோஜன் கர்ப்பப்பையின் உட்சவ்வை வளர்க்கும். புரோஜெஸ்டிரோன் அந்த வளர்ச்சிக்குக் கடிவாளம். ஈஸ்ட்ரோஜனைத் தொடர்ந்துகொண்டு கடிவாளத்தை விட்டால் சவ்வு தடித்துக்கொண்டே போகும். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் விட்டால் அதில் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடும். 1970-களில் அமெரிக்காவில் ஈஸ்ட்ரோஜனை மட்டும் கொடுத்து இந்தப் பாடத்தைப் படித்துவிட்டார்கள். அதை இன்று கும்பகோணத்துக் கடைக்காரர் உங்கள் உடம்பில் திரும்பப் படிக்க வேண்டாம். விட்டதும் உப்புசம் குறையும், மனநிலைகூடத் தெளியும், “நான் சொன்னேன் பாருங்க” என்பார். சவ்வு தடிப்பது வெளியே தெரியாது. தெரியும்போது ரத்தப்போக்காகத் தெரியும்.

கர்ப்பப்பை எடுத்தவர்களுக்கு இந்தக் காப்ஸ்யூல் தேவையில்லை. “அப்படியானால் என் அக்காவுக்கு?” என்று அடுத்த கடிதம் வரும் என்பதால் இதைக் கொஞ்சம் நீட்டுகிறேன். “எடுத்தாச்சு” என்ற சொல்லை நம்பி முடிவெடுக்க முடியாது. எதை எடுத்தார்கள் என்பது டிஸ்சார்ஜ் சம்மரியில்தான் இருக்கிறது. டி.ஏ.எச். என்றால் வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை வாயோடு சேர்த்து முழுதாக எடுத்தது. பக்கத்தில் பி.எஸ்.ஓ. என்றும் இருந்தால் இரண்டு சினைப்பையும் குழாய்களும் போயின. சப்டோட்டல் என்றிருந்தால் கர்ப்பப்பை வாயை விட்டுவைத்திருக்கிறார்கள். அங்கே சில சமயம் உட்சவ்வின் மிச்சம் ஒட்டியிருக்கும். அதற்கும் கடிவாளம் வேண்டியிருக்கலாம். எண்டோமெட்ரியோசிஸ் காரணமாக எடுத்தவர்களுக்கு அந்தச் சவ்வு வயிற்றுக்குள் வேறு இடங்களில் ஒட்டிக்கிடக்கும். ஈஸ்ட்ரோஜனை மட்டும் கொடுத்தால் அது மறுபடி தலைதூக்கக்கூடும். ஆக அக்காவுக்குக் காப்ஸ்யூல் தேவையா என்பதை சம்மரியும் பயாப்சி ரிப்போர்ட்டும் பார்த்துத்தான் சொல்ல முடியும். அந்தக் காகிதம் பல பெண்களிடம் இருப்பதே இல்லை. இருந்தாலும் ஆங்கிலச் சுருக்கெழுத்தில் நாலு வரி. ஓர் உறுப்பையே எடுத்த ஆஸ்பத்திரிக்கு, என்ன எடுத்தோம் என்று தமிழில் ஒரு வரி எழுதித்தரக் கை வரவில்லை. அக்காவிடம் காகிதம் இல்லையென்றால் ஒரு ஸ்கேன் பார்த்தால் வாய்ப்பகுதி மிச்சமிருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

பவுடருக்கு வருகிறேன். “இயற்கை ஹார்மோன்” என்று விற்கிறவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: இதில் ஹார்மோன் இருக்கிறதா, இல்லையா? இல்லையென்றால் எதற்குக் காசு? இருக்கிறதென்றால் எத்தனை மில்லிகிராம், அதற்குக் கடிவாளம் எங்கே? “ஒரே வாரத்தில் மூட்டுவலியும் போயிடும், நல்லாப் பசிக்கும்” என்று சேர்த்துச் சொன்னால் இன்னும் எச்சரிக்கையாக இருங்கள். இப்படிப் பிடிபடும் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது புதிதல்ல. அதுதான் நிஜமாகவே குண்டாக்கும்: முகம் உருண்டு, கழுத்துக்குப் பின்னால் சதை போட்டு, சர்க்கரை ஏறும். மாதக்கணக்கில் சாப்பிட்டுவிட்டுச் சட்டென்று நிறுத்தினாலும் ஆபத்து, அதனால் ஏற்கெனவே சாப்பிட்டிருப்பவர்கள் டப்பாவோடு மருத்துவரிடம் போக வேண்டும். டப்பாவில் 14 இலக்க எண்ணைக் காட்டி “கவர்மென்ட் லைசென்ஸ்” என்பார்கள். அது உணவுப் பொருளுக்கான உரிமம். ஜவ்வரிசி வடாமுக்கும் அது உண்டு.

இதே வரிசையில், “ஃபுல் ஹார்மோன் பேக்கேஜ்” என்று வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் ஏஜென்டுகள். மாதவிலக்கு நின்று ஒன்றரை வருடமான 51 வயதுப் பெண்ணுக்கு எஃப்.எஸ்.எச். (சினைப்பையைத் தூண்டும் ஹார்மோன்) கூடியிருக்கும் என்று பார்க்காமலே சொல்லலாம். உங்களுக்கு இப்போது வேண்டியது டி.எஸ்.எச். ஒன்று, சர்க்கரை ஒன்று. மார்பக மேமோகிராம் இதுவரை எடுக்கவில்லை என்றால் அதுவும்.

மருத்துவரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். 2 மி.கி. வேண்டுமா, 1 மி.கி. போதுமா? வியர்வை அடங்கிய பலருக்குப் பாதி அளவே போதும், மார்பு வலியும் நீரும் அதிலேயே குறையும். இரண்டாவது, மாத்திரைக்குப் பதிலாக எஸ்ட்ராடியால் ஜெல். தோல் வழியாகப் போவது கல்லீரலை முதலில் தொடுவதில்லை. அதனால் தைராய்டு பஸ் பிரச்சினை வராது, மாத்திரையால் கூடுகிற ரத்த உறைவு வாய்ப்பும் வழக்கமான அளவில் கூடுவதில்லை. ஜெல்லை மேல்கையிலோ தொடையிலோ பூசி, காய்ந்த பிறகு உடுத்த வேண்டும். மார்பில் பூசக் கூடாது. மேலே எண்ணெயோ பவுடரோ போடாதீர்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், பூசிய இடத்தில் பேரக்குழந்தை சாய்ந்து தூங்க விடாதீர்கள். ஜெல்லுக்கு மாறினாலும் இரவு காப்ஸ்யூல் உண்டு. அது மயக்கமாகத் தூக்கம் தரும், அதனால்தான் இரவில். சாப்பிட்டவுடன் விழுங்கினால் மயக்கம் இன்னும் கூடும். இரவுச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரமாவது போகட்டும், படுக்கும்போது போடுங்கள்.

காத்திருக்காமல் போக வேண்டியவை: ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, வழக்கமில்லாத கடும் தலைவலி, பார்வை மங்குவது, பேச்சு குழறுவது. இதற்கு ராத்திரி, பகல் பார்க்கக் கூடாது. இரண்டு காலும் சமமாகச் சாயங்காலம் வீங்கி, காலையில் வடிந்தால் அது பழைய நீர்தான். ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் எடுப்பவர்களுக்கு அந்த மாத்திரையாலும் அப்படி வீங்கும். லேசான ரத்தக் கறை முதல் மூன்று, நான்கு மாதத்தில் வரலாம். ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்தாலோ, நின்ற பிறகு திரும்ப வந்தாலோ, கட்டி கட்டியாகப் போனாலோ ஸ்கேன் பார்க்க வேண்டும்.

அடுத்த முறை போகும்போது மாத்திரைகளின் பெயரை ஒப்பிக்காதீர்கள், அட்டைகளையே எடுத்துப் போங்கள். சீட்டில் எழுதியதற்குப் பதில் “ரெண்டும் ஒண்ணுதான்” என்று கடையில் வேறு கொடுத்திருக்கலாம், சட்டப்படி அப்படி மாற்றக் கூடாது என்றாலும் நடக்கிறது. மாதவிலக்கு நின்றவர்களுக்குத் தரும் எஸ்ட்ராடியால் வேலரேட் வேறு, கருத்தடை மாத்திரையில் இருக்கும் எத்தினில் எஸ்ட்ராடியால் வேறு. பின்னதன் வீரியம் பல மடங்கு. தைராய்டு மாத்திரை டப்பாவையும் அதே பையில் போட்டுக்கொள்ளுங்கள், மகப்பேறு மருத்துவர் கேட்காவிட்டாலும் மேசை மேல் எடுத்து வையுங்கள்.