ஐடி கம்பெனி கேட்டைத் தாண்டுவது எப்படி?

கேள்வி: பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் லேப்டாப் சர்வீஸ் கடையில் வேலை பார்க்கிறேன். கம்பெனிகளில் கழித்துப் போடும் கம்ப்யூட்டர், சர்வர்களை வாங்கி, அவற்றிலுள்ள தங்கத்தைப் பிரித்து விற்க ஆசை. ஒயிட்ஃபீல்டில் நாலைந்து இடம் ஏறி இறங்கினேன், செக்யூரிட்டியோடு சரி. எப்படி அணுகுவது? – வாசகர், ஸ்ரீராமபுரம்

பதில்: “நல்ல விலை தருகிறேன்” என்றுதானே பேச்சை ஆரம்பித்தீர்கள்? காயலான் கடையில் அது எடுபடும். கம்பெனி அட்மினுக்குப் பழைய லேப்டாப்பில் வரும் சில ஆயிரம் ஒரு பொருட்டே இல்லை. ஹார்ட் டிஸ்கில் இருக்கும் வாடிக்கையாளர் விவரம் வெளியே கசிந்தால் தன் தலை உருளுமே என்பதுதான் அவர் கவலை.

சட்டமும் அவரை விடாது. 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மின்கழிவு மேலாண்மை விதிகள்படி, ஒரு நிதியாண்டில் எப்போதாவது 1,000 சாதனங்களாவது பயன்படுத்திய நிறுவனம் மொத்த நுகர்வோர். அது தன் கழிவைப் பதிவு பெற்ற உற்பத்தி நிறுவனத்துக்கோ, பழுதுநீக்கி விற்பவருக்கோ, மறுசுழற்சி ஆலைக்கோதான் கொடுக்கலாம். உங்களிடம் பணத்துக்குக் கொடுத்துவிட்டு அவர் ஏன் மாட்டிக்கொள்ள வேண்டும்?

ஆகவே கம்பெனிக்குப் போகும் முன் ஆலைக்குப் போங்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் பதிவு பெற்றவர்களின் பட்டியல் இருக்கிறது. நம் பக்கத்திலேயே தாபஸ்பேட்டையில் இ-பரிசரா என்ற மின்கழிவு மறுசுழற்சி ஆலை இருக்கிறது. இந்தத் தொழிலில் நாட்டின் முன்னோடிகளில் ஒன்று. ஏதாவது ஓர் ஆலையோடு, அவர்கள் பெயரில் சரக்கு எடுத்துத் தர எழுத்துப்பூர்வமாக ஒப்பந்தம் போடுங்கள். அவர்களுடைய பதிவுச் சான்றின் நகல் கையில் இருந்தால் பேச்சே மாறிவிடும்.

அப்புறம், யாரைப் பார்ப்பது? வரவேற்பில் நின்று “மேனேஜரைப் பார்க்கணும்” என்றால் வேலைக்கு ஆகாது. ஐடி அசெட் பார்ப்பவர் யார் என்று விசாரித்து அவருக்கு மெயில் போடுங்கள். கணக்கு முடிக்கும் மார்ச்சுக்கு முன்பே போடுவது நல்லது. ஸ்டோர் ரூமைக் காலி செய்ய அவர்களே அலைகிற நேரம் அது. மெயிலில் தங்கம் என்ற சொல்லே வேண்டாம். சீரியல் நம்பர் வாரியாகப் பட்டியல் எடுப்போம், ஹார்ட் டிஸ்கை உங்கள் கண் முன்னாலேயே துளைத்துத் தருவோம், ஆலையிலிருந்து சான்றிதழ் வாங்கித் தருவோம், ஜிஎஸ்டி பில் உண்டு. இந்த நான்கு வரி போதும்.

சரக்கு எடுக்கும் நாளில் எலக்ட்ரானிக் தராசை நீங்களே கொண்டு போங்கள். அவர்கள் ஆள் பக்கத்தில் நிற்கும்போதே எடை போட்டு, தராசில் தெரியும் எண்ணோடு போட்டோ எடுத்து, கேட் பாஸில் அதே எடையை எழுதச் சொல்லுங்கள். பட்டியலில் 40 லேப்டாப், வண்டியில் 39 என்றால் அந்த இடத்திலேயே நிறுத்திச் சரிபார்த்துவிட வேண்டும். அடுத்த வருடம் கூப்பிடுவதும் கூப்பிடாததும் இதில்தான் இருக்கிறது.

முதல் வருடமே பெரிய கம்பெனி கிடைக்காது. ஆடிட்டர் ஆபீஸ், கிளினிக், கேபிள் டிவி ஆபரேட்டர், அபார்ட்மென்ட் சங்கம் என்று ஆரம்பியுங்கள். உங்கள் தெருவிலேயே சர்வீஸ் கடைகளில் செத்த மதர்போர்டுகள் மூட்டை மூட்டையாகக் கிடக்கின்றன.

இனி தங்கம். தங்கச் சுரங்கங்களில் பொதுவாக டன் பாறைக்குச் சில கிராம்தான் தேறும். நல்ல ரக சர்க்யூட் போர்டுகளில் டன்னுக்கு 100 கிராமைத் தாண்டும். கேட்க ஜோராக இருக்கிறது, ஆனால் ஒரு டன் போர்டு சேர்க்க ஆயிரம் டெஸ்க்டாப் வேண்டும், அவற்றின் மதர்போர்டெல்லாம் அந்த நல்ல ரகமும் இல்லை. ரேம் கார்டின் அடியில் மின்னும் முலாம் ஒரு மைக்ரான் கூடக் கனம் இருக்காது. அதே ரேம் வேலை செய்தால் எஸ்.பி. ரோட்டில் அன்று மாலையே அந்தத் தங்கத்தின் விலையைவிடப் பல மடங்குக்குப் போகும். பதிவு பெற்ற பழுதுநீக்குநராகிவிட்டால் உங்கள் லாபம் அங்கேதான்.

வீடியோவில் காட்டுகிற, ஆசிட்டில் போட்டுத் தங்கம் பிரிக்கும் வேலையை வீட்டுப் பக்கமே கொண்டு வராதீர்கள். நைட்ரிக் அமிலத்திலிருந்து எழும் பழுப்புப் புகை, மணிக்கணக்கு கழித்துக்கூட நுரையீரலில் நீர் கோக்க வைக்கும். மீந்த கரைசலைச் சாக்கடையில் விட்டால் வழக்கும் வரும். ரேம், பிராசஸர், மதர்போர்டு, பவர் சப்ளை என்று ரகம் பிரித்து, போர்டை உடைக்காமல் ஆலைக்கே கொடுங்கள்; கலந்து போட்டால் எல்லாவற்றுக்கும் மட்டமான ரகத்தின் விலைதான் போடுவார்கள். உப்பிய பேட்டரி இருந்தால் மட்டும் தனியாக மணல் போட்ட டப்பாவில் வையுங்கள், வண்டியில் போர்டுகளோடு ஏற்ற வேண்டாம்.